பழைய கணினியில் வீடியோ ஓடாதபோது: அறிகுறியைக் கொண்டு பழுதைத் தேடும் வழிமுறை

விண்டோஸ் எக்ஸ்பி அல்லது விண்டோஸ் 7 இருக்கும் பழைய கணினி ஒன்றில் ஒரு வீடியோ கோப்பு ஓடவில்லை என்றால், பெரும்பாலோர் உடனே செய்வது, சுருக்கப்பட்ட படத்தையும் ஒலியையும் விரித்துத் தரும் கோடெக் என்னும் சிறு மென்பொருள்களின் தொகுப்பு ஒன்றைத் தேடி நிறுவுவதுதான். அது பலிக்காவிட்டால் அதை நீக்காமலேயே இன்னொன்றை அதன் மேல் நிறுவுகிறார்கள். இப்படி மூன்று நான்கு தொகுப்புகள் ஏறிய கணினிகள் பலவற்றை நான் பார்த்திருக்கிறேன். அவற்றில் கோடெக் இல்லாமல் நின்றுபோனவை குறைவு. தேவைக்கு மேல் கோடெக்குகள் சேர்ந்து ஒன்றையொன்று தடுத்துக்கொண்டவையே அதிகம். ஆகவே எதையும் புதிதாக நிறுவுவதற்கு முன்னால், சங்கிலியின் எந்தக் கண்ணி அறுந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். அதை அறிகுறியிலிருந்து தொடங்கிக் கண்டுபிடிப்பதற்கான வழி இது.

சங்கிலி எப்படி அமைந்திருக்கிறது

விண்டோஸில் டைரக்ட்ஷோ என்னும் அமைப்பைப் பயன்படுத்தும் பிளேயர்கள் தாமாக வீடியோவைப் பிரித்துப் படிப்பதில்லை. கோப்பைத் திறக்கச் சொன்னதும், கணினியில் பதிவாகியுள்ள ஃபில்டர்கள் என்னும் சிறு மென்பொருள் துண்டுகளில் பொருத்தமானவற்றைத் தேர்ந்து, ஒன்றன் வெளிவாயிலை அடுத்ததன் உள்வாயிலோடு இணைத்து, ஒரு வரிசையை டைரக்ட்ஷோ உருவாக்கித் தருகிறது. முதலில் நிற்பது கோப்பை வட்டிலிருந்து படிக்கும் ஃபில்டர். அடுத்தது ஸ்பிளிட்டர், ஒரே கோப்புக்குள் பின்னிக் கிடக்கும் படத்தையும் ஒலியையும் துணையுரையையும் அது தனித்தனி ஓடைகளாகப் பிரிக்கிறது. படத்துக்கு ஒன்றும் ஒலிக்கு ஒன்றுமாக அதன்பின் வரும் டிகோடர்கள், சுருக்கப்பட்ட தரவை விரிக்கின்றன. கடைசியில் ரெண்டரர்கள் படத்தைத் திரைக்கும் ஒலியை ஒலி அட்டைக்கும் அனுப்புகின்றன.

ஒரே வேலைக்குப் பல ஃபில்டர்கள் பதிவாகியிருந்தால் யாரை அழைப்பது என்பதை மெரிட் என்னும் எண் தீர்மானிக்கிறது. எண் கூடியவருக்கே முதல் வாய்ப்பு. சில மென்பொருள்கள் தம் சொந்த பிளேயருக்காகக் கொண்டுவரும் டிகோடருக்கு மிக உயர்ந்த மெரிட்டைக் கொடுத்துவிடுவதால், அந்த மென்பொருளை நீங்கள் திறக்காதபோதும் அதன் டிகோடர் மற்ற எல்லா பிளேயர்களுக்குள்ளும் வந்து உட்கார்ந்துகொள்கிறது. கீழே வரும் பழுதுகளில் பாதிக்கு இதுவே வேர்.

தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

கோப்பின் உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லும் மீடியாஇன்ஃபோ, உருவாகும் ஃபில்டர் வரிசையைப் பெட்டிகளாகவும் அம்புகளாகவும் வரைந்து காட்டும் கிராஃப்எடிட் அல்லது கிராஃப்ஸ்டூடியோநெக்ஸ்ட், பதிவாகியுள்ள ஃபில்டர்களைப் பட்டியலிட்டு வேண்டாதவற்றை முடக்க உதவும் இன்ஸ்டால்டுகோடெக், டைரக்ட்ஷோவையே நம்பாமல் தன் டிகோடர்களைத் தன்னுள்ளேயே வைத்திருக்கும் விஎல்சி ஆகிய நான்கும் போதும். எக்ஸ்பியில் மூன்றாம் சர்வீஸ் பேக் இருந்தால் விஎல்சியின் 3.0 வரிசை அதில் ஓடும்.

கோப்பின் பெயரில் இருக்கும் பின்னொட்டை நம்பக் கூடாது. ஏவிஐ, எம்கேவி, எம்பி4 ஆகியவை உறைகள் மட்டுமே. உள்ளே இருக்கும் படத்தின் சுருக்கமுறை எக்ஸ்விட் ஆகவோ எச்.264 ஆகவோ வேறொன்றாகவோ இருக்கலாம். ஒரு ஏவிஐ ஓடுகிறது, இன்னொரு ஏவிஐ ஓடவில்லை என்பதில் முரண் எதுவும் இல்லை. மீடியாஇன்ஃபோவில் கோப்பைத் திறந்து, படத்தின் சுருக்கமுறை, அளவு, பிட் ஆழம், ஒலியின் சுருக்கமுறை ஆகிய நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அதே கோப்பை விஎல்சியில் ஓட்டுங்கள். அங்கே ஒழுங்காக ஓடினால் கோப்பும் கணினியின் அடிப்படை உறுப்புகளும் நலமாக இருக்கின்றன, பழுது டைரக்ட்ஷோ ஃபில்டர்களில் இருக்கிறது என்று பொருள். அங்கேயும் அதே கோளாறு தெரிந்தால் கோப்பையோ, டிரைவரையோ, கணினியின் வேகத்தையோ பார்க்க வேண்டும். இந்த ஒரு சோதனை தேடும் பரப்பைப் பாதியாகக் குறைத்துவிடும் என்பதால் இதை ஒருபோதும் தவிர்க்காதீர்கள்.

எதையும் மாற்றுவதற்கு முன் சிஸ்டம் ரீஸ்டோர் புள்ளி ஒன்றை உருவாக்குங்கள். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் மட்டும் செய்து, செய்ததைத் தாளில் எழுதிக்கொண்டு, உடனே சோதித்துப் பாருங்கள்.

அறிகுறி: கோப்பு திறக்கவே இல்லை, பிழை எண் மட்டும் வருகிறது

பிழை எண்ணைக் குறித்துக்கொள்ளாமல் மூடிவிடாதீர்கள். 80040217 என்று முடிந்தால், இரண்டு ஃபில்டர்களை இணைக்க இடையில் பொருத்தமான ஃபில்டர் எதுவும் கிடைக்கவில்லை என்று பொருள்; அநேகமாக டிகோடர் இல்லை. 80040218 என்றால் அந்த ஓடையைக் கடைசிவரை கொண்டுபோய்ச் சேர்க்க எந்த ஃபில்டராலும் முடியவில்லை. 80040154 என்பது வேறு வகையானது: அழைக்கப்பட்ட ஃபில்டர் கணினியில் முறையாகப் பதிவாகவில்லை என்று அது சொல்கிறது. முதல் இரண்டுக்கும் கோப்புக்குரிய ஸ்பிளிட்டரோ டிகோடரோ தேவை. மூன்றாவதற்குப் புதிதாக எதுவும் தேவையில்லை. இருப்பதை மறுபடி பதிவு செய்தால் போதும்.

எந்த விண்டோஸில் எது இயல்பாகவே இல்லை என்று தெரிந்திருந்தால் இங்கே நேரம் மிச்சமாகும். எக்ஸ்பியோடு டிவிடிக்குரிய எம்பெக்-2 டிகோடர் வருவதில்லை, எச்.264 டிகோடரும் வருவதில்லை. விண்டோஸ் 7 எச்.264, எக்ஸ்விட், ஏஏசி என்னும் ஒலிச் சுருக்கமுறை ஆகியவற்றைத் தானே அறியும்; ஆனால் அதன் ஸ்டார்ட்டர், ஹோம் பேசிக் பதிப்புகளில் எம்பெக்-2 கிடையாது. எம்கேவி உறையைப் பிரிக்கும் ஸ்பிளிட்டர் இவ்விரண்டில் எதிலும் இல்லை. ஆகவே எக்ஸ்பியில் எச்.264 உள்ள எம்கேவி கோப்பைத் திறக்க ஸ்பிளிட்டர், பட டிகோடர் ஆகிய இரண்டும் வேண்டும், ஒலி ஏசி3 என்னும் சுருக்கமுறையில் இருந்தால் அதற்கும் ஒன்று வேண்டும். லாவ் ஃபில்டர்ஸ் என்னும் தொகுப்பு இம்மூன்றையும் ஒருசேரத் தருகிறது. எக்ஸ்பியில் நிறுவுவதானால் அதை ஆதரிக்கும் பழைய பதிப்பாகப் பார்த்து எடுக்க வேண்டும்; கே-லைட் கோடெக் தொகுப்பை விரும்புவோருக்கு எக்ஸ்பியில் ஓடும் கடைசிப் பதிப்பு 13.8.5.

மறுபடி பதிவு செய்வது எளிது. கட்டளைச் சாளரத்தை நிர்வாகி உரிமையுடன் திறந்து, ஆர், ஈ, ஜி, எஸ், வி, ஆர் என்னும் எழுத்துகளைத் தொடர்ந்து 32 என்னும் எண்ணைத் தட்டி, இடைவெளி விட்டு, ஏஎக்ஸ் என்னும் பின்னொட்டு கொண்ட ஃபில்டர் கோப்பின் முழுப் பாதையை மேற்கோள் குறிகளுக்குள் கொடுக்க வேண்டும். வெற்றி என்று செய்தி வந்தால் கதை முடிந்தது. குறிப்பிட்ட தொகுதி கிடைக்கவில்லை என்று சொல்லும் 126-ஆம் எண் பிழை வந்தால் ஏமாந்துவிடாதீர்கள். கோப்பு உங்கள் கண்ணெதிரே இருக்கும், அது சார்ந்திருக்கும் வேறொரு நூலகம்தான் இல்லாமல் இருக்கும். பெரும்பாலும் அது விஷுவல் சி++ இயக்க நூலகம். அதன் உரிய ஆண்டுப் பதிப்பை நிறுவிவிட்டு மீண்டும் பதிவு செய்யுங்கள்.

நிறுவிய மென்பொருள் தொடங்கிய கணமே மூடிக்கொண்டால் செயலியைப் பாருங்கள். பிற்காலத்தில் தொகுக்கப்பட்ட டிகோடர்கள் பலவும் எஸ்எஸ்இ2 என்னும் கட்டளைத் தொகுதியை எதிர்பார்க்கின்றன. பெண்டியம் 4-இலும் ஏத்லான் 64-இலும் அது உண்டு. பெண்டியம் 3-இலும் ஏத்லான் எக்ஸ்பியிலும் இல்லை. இல்லாத கட்டளையை எந்த அமைப்பை மாற்றியும் வரவழைக்க முடியாது. பழைய பதிப்பைத் தேடுவதே வழி.

அறிகுறி: 64-பிட் விண்டோஸில் ஒரு பிளேயரில் ஓடுகிறது, இன்னொன்றில் ஓடவில்லை

32-பிட் பிளேயரால் 32-பிட் ஃபில்டரை மட்டுமே ஏற்ற முடியும். 64-பிட் பிளேயரால் 64-பிட் ஃபில்டரை மட்டுமே ஏற்ற முடியும். 64-பிட் விண்டோஸ் 7-இல் வழக்கமாகத் திறக்கும் விண்டோஸ் மீடியா பிளேயர் 32-பிட் உடையது. ஆனால் மீடியா சென்டரும் கோப்புறையில் சிறுபடம் காட்டும் எக்ஸ்புளோரரும் 64-பிட் உடையவை. ஆகவே பிளேயரில் நன்றாக ஓடும் கோப்புக்குச் சிறுபடம் தோன்றாவிட்டால் 64-பிட் டிகோடர் நிறுவப்படவில்லை என்று கொள்ளலாம். இரு வகையையும் ஒரே மூலத்திலிருந்து, ஒரே பதிப்பாக நிறுவுவது நல்லது.

அறிகுறி: ஒலி கேட்கிறது, படம் இல்லை

முதலில் படம் இல்லை என்பது எப்படி இல்லை என்று பாருங்கள். படத்துக்கான சட்டமே தோன்றாமல், பாட்டுக் கோப்பைப் போல ஒலிக்கான அசைவுச் சித்திரம் மட்டும் தெரிந்தால் பட டிகோடர் இல்லை. மேற்சொன்ன முறையே தீர்வு. சரியான அளவில் ஒரு சட்டம் தோன்றி அது கறுப்பாகவே இருந்தால் டிகோடர் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது, ரெண்டரர்தான் தவறுகிறது. இந்த இரண்டையும் பிரித்து அறியாததால் வீணாக நிறுவப்பட்ட டிகோடர்களுக்குக் கணக்கே இல்லை.

பழைய கிராபிக்ஸ் கார்டுகள் ஓவர்லே என்னும் முறையில், திரையின் ஒரு பகுதியில் வீடியோவை நேரடியாக மேலே பதித்துக் காட்டின. பெரும்பாலான கார்டுகளில் ஓவர்லே ஒன்றே ஒன்றுதான் உண்டு. ஒரு பிளேயர் அதைப் பிடித்துக்கொண்டால் இரண்டாவது பிளேயரின் சட்டம் கறுப்பாகவே இருக்கும். இரண்டு திரைகள் இருந்தால் முதன்மைத் திரையில் தெரியும் படம் அடுத்த திரைக்கு நகர்த்தியதும் மறைந்துவிடும். திரைப் பிடிப்பு எடுத்தால் வீடியோ இருக்கும் இடத்தில் வெற்றுச் சதுரம் வரும். இம்மூன்றில் எதையேனும் கண்டால் மற்ற பிளேயர்களை மூடிவிட்டு, நீங்கள் பயன்படுத்தும் பிளேயரின் அமைப்பில் ரெண்டரரை எக்ஸ்பியில் விஎம்ஆர்-9 ஆகவும், விஸ்டாவிலும் அதற்குப் பின் வந்தவற்றிலும் இவிஆர் ஆகவும் மாற்றுங்கள். அதற்குப் பிறகும் கறுப்பே நீடித்தால் டிவைஸ் மேனேஜரில் கிராபிக்ஸ் கார்டின் பெயரைப் பாருங்கள். தயாரிப்பாளர் பெயர் இல்லாமல் பொதுவான விஜிஏ அட்டை என்று மட்டும் இருந்தால் உரிய டிரைவர் நிறுவப்படவில்லை. அதற்கு மேல் ஃபில்டர்களில் தேடிப் பயனில்லை.

அறிகுறி: படம் ஓடுகிறது, ஒலி இல்லை அல்லது மிக மெதுவாகக் கேட்கிறது

மீடியாஇன்ஃபோ ஒலியை ஏசி3 அல்லது டிடிஎஸ் என்று காட்டினால், எக்ஸ்பியில் அதற்கு டிகோடர் இல்லை என்பதே பெரும்பாலும் காரணம். டிகோடர் இருந்தும் ஒலி வராவிட்டால் அதன் அமைப்பில் எஸ்பிடிஐஎஃப் என்னும் நேரடிக் கடத்தல் இயக்கப்பட்டுள்ளதா என்று பாருங்கள். வெளியே டிகோடர் உள்ள ஒலிபெருக்கிக்கு மட்டுமே அது பொருந்தும். சாதாரண ஒலிபெருக்கி இணைத்திருந்தால் அதை அணைத்துவிட வேண்டும். இசை உரக்கக் கேட்டுப் பேச்சு மட்டும் முணுமுணுப்பாக இருந்தால், ஆறு வழி ஒலியில் பேச்சைச் சுமக்கும் நடு வழி இரண்டு வழிகளுக்குள் சரியாகக் கலக்கப்படவில்லை. டிகோடரில் ஸ்டீரியோ வெளியீட்டைத் தேர்ந்தெடுத்து, ஒலிவீச்சைச் சமன்செய்யும் வசதியை இயக்குங்கள்.

அறிகுறி: நேற்றுவரை ஓடியது, புதிதாக எதையோ நிறுவிய பிறகு கெட்டுவிட்டது

இதுவே நான் அதிகம் சந்தித்த பழுது. இதைத்தான் கோடெக் தொகுப்பை மேலும் மேலும் நிறுவி மக்கள் மோசமாக்கிக்கொள்கிறார்கள். டிவிடி எரிக்கும் மென்பொருள், வீடியோ தொகுக்கும் மென்பொருள், வெப்கேமுடன் வரும் குறுவட்டு என்று எதுவும் தன்னுடன் ஒரு ஸ்பிளிட்டரையோ டிகோடரையோ கொண்டுவந்து, மெரிட் வரிசையில் மேலே ஏற்றிவிடக்கூடும். அந்த டிகோடர் தன் சொந்த பிளேயருக்குள் மட்டுமே வேலை செய்யுமாறு பூட்டப்பட்டிருந்தால், மற்ற பிளேயர்களில் அழைக்கப்பட்டதும் இணைய மறுத்துவிடும். அல்லது இணைந்துவிட்டு வெறும் கறுப்பைக் காட்டும்.

கிராஃப்எடிட்டைத் திறந்து, கோப்பு என்னும் பட்டியலில் மீடியா கோப்பை ரெண்டர் செய்யும் கட்டளையைக் கொடுத்து, தகராறு செய்யும் வீடியோவைத் தேர்ந்தெடுங்கள். பெட்டிகளின் வரிசை திரையில் தோன்றும். அதில் ஒவ்வொரு பெட்டியின் பெயரையும் இடமிருந்து வலமாகப் படியுங்கள். நீங்கள் எதிர்பார்க்காத பெயர் ஒன்று நடுவே நின்றால் அதை அழித்துவிட்டு, அதற்கு முன்னுள்ள பெட்டியின் வெளிவாயிலில் வலச் சொடுக்கிட்டு, நீங்கள் நம்பும் டிகோடரை வரைபடத்தில் சேர்த்து இணைத்து ஓட்டிப் பாருங்கள். ஓடினால் குற்றவாளி யார் என்பதில் இனி ஐயம் இல்லை.

கண்டுபிடித்தபின், அந்த ஃபில்டரைக் கொண்டுவந்த மென்பொருள் தேவையற்றதானால் அதையே நீக்கிவிடுங்கள். தேவையானதானால், இன்ஸ்டால்டுகோடெக் மூலம் அந்த ஃபில்டரை மட்டும் முடக்கலாம். எம்பிசி-எச்சி என்னும் பிளேயரைப் பயன்படுத்துவோர், அதன் அமைப்பில் வெளி ஃபில்டர்கள் பகுதியில் அதைச் சேர்த்துத் தடு என்று குறிக்கலாம். இந்த இரண்டாவது முறையை நான் விரும்புவதற்குக் காரணம், அது ஒரு பிளேயரை மட்டுமே பாதிக்கிறது, கணினியின் மற்ற பகுதிகளைத் தொடுவதில்லை. ஃபில்டர் கோப்பை வட்டிலிருந்து நேராக அழிப்பது மட்டும் கூடாது. விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் ரிஜிஸ்ட்ரியில் அதன் பதிவு அப்படியே நின்று, இல்லாத ஒன்றை டைரக்ட்ஷோ தேடித் தடுமாறும். ஏற்கெனவே அப்படி அழித்திருந்தால், கே-லைட்டோடு வரும் கோடெக் ட்வீக் டூல் அத்தகைய உடைந்த பதிவுகளைக் கண்டெடுத்து நீக்கும்.

விண்டோஸ் 7-இல் ஒரு சிக்கல் கூடுதல். சில வடிவங்களுக்கு இன்ன டிகோடரே முதலில் என்று ஒரு விருப்பப் பட்டியலை அது ரிஜிஸ்ட்ரியில் வைத்திருக்கிறது. மெரிட்டைப் பார்ப்பதற்கு முன்னரே அந்தப் பட்டியல் பார்க்கப்படுகிறது. எனவே உங்கள் டிகோடரின் மெரிட்டை எவ்வளவு உயர்த்தினாலும் மைக்ரோசாப்டின் டிகோடரே மீண்டும் வந்து நிற்கும். அந்தப் பட்டியல் சாதாரண நிர்வாகியாலும் திருத்த முடியாதபடி காக்கப்பட்டிருக்கிறது. அதற்கென்றே எழுதப்பட்ட வின்7டிஎஸ்ஃபில்டர்ட்வீக்கர் என்னும் சிறுகருவியில் விரும்பும் டிகோடரைத் தேர்ந்தெடுக்கலாம்.

அறிகுறி: படம் திக்கித் திக்கி ஓடுகிறது

டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு வீடியோவை ஓட்டுங்கள். செயலியின் பயன்பாடு நூறை ஒட்டி நிற்கிறதா, இல்லையா என்பதிலிருந்து வழி இரண்டாகப் பிரிகிறது.

நூறை ஒட்டி நின்றால் டிகோடிங் செயலிக்குத் தாங்கவில்லை என்பது முதல் ஐயம். பெண்டியம் 4 போன்ற ஒற்றைக்கருச் செயலி எக்ஸ்விட் படங்களை எளிதாக ஓட்டிவிடும். 1080 வரி எச்.264 படத்துக்கு அதன் வலு போதாது. அந்தச் சுமையை கிராபிக்ஸ் கார்டு ஏற்க முடியுமானால் டிஎக்ஸ்விஏ என்னும் முறையில் டிகோடர் அதனிடம் ஒப்படைக்கும். ஜிஃபோர்ஸ் 8600, ரேடியான் எச்டி 2600 போன்றவை எச்.264-ஐ முழுமையாகவே ஏற்றன; அக்காலத்து மடிக்கணினிகளில் நிறைந்திருந்த இன்டெல் ஜிஎம்ஏ 950 எம்பெக்-2-க்கு மட்டுமே உதவியது. கார்டு ஏற்கக்கூடியதாக இருந்தாலும் கோப்பும் ஒத்துழைக்க வேண்டும். அக்காலக் கார்டுகள் எச்.264-இல் 8 பிட் ஆழத்தையும், 4.1 என்னும் நிலை வரம்பையும் மனத்தில் வைத்தே வடிவமைக்கப்பட்டன. 10 பிட் என்று மீடியாஇன்ஃபோ காட்டும் கோப்பை அவை ஏற்பதில்லை.

இங்கே பலர் கவனிக்காத ஒன்று உண்டு. டிஎக்ஸ்விஏ நேரடியாக இயங்கும்போது டிகோடருக்கும் ரெண்டரருக்கும் இடையில் வேறு ஃபில்டர் எதுவும் நிற்கக் கூடாது. டைரக்ட்வாப்சப் என்னும் துணையுரை ஃபில்டரோ, படத்தைக் கூர்மையாக்கும் ஃபில்டரோ இடையில் புகுந்தால் வன்பொருள் உதவி சத்தமின்றி நின்றுபோய், முழுச் சுமையும் செயலியின் மேல் திரும்பி விழும். துணையுரைக் கோப்பு உள்ள படங்கள் மட்டும் திக்குகின்றன, மற்றவை நன்றாக ஓடுகின்றன என்றால் இதையே முதலில் ஐயுறுங்கள். துணையுரையை பிளேயரே காட்டும்படி மாற்றி, அந்த ஃபில்டரைத் தடுத்துவிட்டால் சரியாகும்.

வன்பொருள் உதவிக்கு வழியே இல்லாதபோது எஃப்எஃப்டிஷோ என்னும் டிகோடர் தொகுப்பிலும் விஎல்சியிலும் உள்ள ஒரு வசதி கைகொடுக்கும். எச்.264-இல் கட்டங்களின் விளிம்புகளை மென்மையாக்கும் கடைசிக் கணக்கீட்டைத் தவிர்க்கச் சொல்லலாம். படம் சற்றே கரடுமுரடாகும். ஆனால் செயலியின் சுமை கண்கூடாகக் குறையும். 720 வரிப் படம் ஓடலாமா நிற்கலாமா என்று ஊசலாடும் கணினிகளில் இது போதுமானதாக இருப்பதைக் கண்டிருக்கிறேன்.

எளிய எக்ஸ்விட் கோப்பும், டிவிடியும்கூடத் திக்குகின்றன, செயலியோ நூறில் நிற்கிறது என்றால் டிகோடர்மேல் பழி போடாதீர்கள். நானே ஒரு முறை அப்படிப் பழி போட்டு, ஒரு முழு மாலைப் பொழுதை டிகோடர்களை மாற்றி மாற்றிச் சோதிப்பதில் செலவழித்தேன். உண்மையான காரணம், ஐடிஇ என்னும் பழைய வகை இணைப்பு கொண்ட வட்டின் தரவுக் கடத்தல் முறை. எக்ஸ்பி, ஒரு வட்டிலிருந்து தரவு படிக்கையில் ஆறு முறைக்கு மேல் பிழையோ தாமதமோ நேர்ந்தால், அந்த வட்டின் கடத்தல் வேகத்தைப் படிப்படியாகக் குறைத்து, முடிவில், செயலியின் உழைப்பின்றித் தரவை நேராக நினைவகத்தில் சேர்க்கும் டிஎம்ஏ முறையைக் கைவிட்டு பிஐஓ முறைக்குப் போய்விடும். பிஐஓ முறையில் ஒவ்வொரு துண்டுத் தரவையும் செயலியே சுமந்து நினைவகத்தில் சேர்க்க வேண்டும். படத்தை விரிக்க அதற்கு நேரம் மிஞ்சுவதில்லை. டிவைஸ் மேனேஜரில் ஐடிஇ கட்டுப்படுத்தியின் கீழுள்ள முதன்மை, இரண்டாம் நிலைத் தடங்களைத் திறந்து, மேல்நிலை அமைப்புகளில் தற்போதைய கடத்தல் முறை என்ன என்று பாருங்கள். பிஐஓ என்று இருந்தால் அந்தத் தடத்தையே நீக்கிவிட்டுக் கணினியை மறுதொடக்கம் செய்தால், விண்டோஸ் அதைப் புதிதாகக் கண்டறிந்து டிஎம்ஏக்குத் திரும்பும். சில நாளில் மீண்டும் பிஐஓவுக்கே சரிந்தால் கேபிளைப் பாருங்கள். 80 கம்பி கேபிள் இருக்க வேண்டிய இடத்தில் 40 கம்பி கேபிள் இருக்கலாம்; கேபிள் தளர்ந்திருக்கலாம்; வட்டே இறுதிக் காலத்தை நெருங்கியிருக்கலாம். மூன்றாவது ஐயம் தோன்றிய நிமிடமே வீடியோவை மறந்துவிட்டு முக்கியமான கோப்புகளைப் படியெடுத்துவிடுங்கள்.

செயலி நூறைத் தொடாமலேயே படம் திக்கினால் ரெண்டரரையும் டிரைவரையும் பாருங்கள். எக்ஸ்பியில் திரை அமைப்பின் மேல்நிலைப் பகுதியில் உள்ள வன்பொருள் முடுக்கச் சறுக்கி முழு அளவில் இருக்க வேண்டும். ஏதோ ஒரு பழைய பிழைக்காக யாரோ அதைக் குறைத்துவைத்து மறந்திருப்பதுண்டு.

அறிகுறி: நிறம் கெட்டிருக்கிறது, பச்சைத் திரை, கட்டங்கள், தலைகீழ்ப் படம்

கறுப்பு சாம்பலாகவும் படம் முழுதும் வெளுத்தும் தெரிந்தால் அது டிகோடரின் பிழை அன்று. வீடியோவில் ஒளியளவு 16 முதல் 235 வரை பதிவாகிறது. கணினித் திரையோ 0 முதல் 255 வரை எதிர்பார்க்கிறது. இந்த விரிவாக்கத்தை கிராபிக்ஸ் டிரைவரோ ரெண்டரரோ, யாரேனும் ஒருவர் மட்டும் செய்ய வேண்டும். யாரும் செய்யாவிட்டால் படம் வெளுக்கும். இருவரும் செய்தால் நிழற்பகுதிகள் முழுக்கக் கறுத்துப்போகும். டிரைவரின் வீடியோ அமைப்பில் ஒளிவீச்சை முழு வீச்சாக மாற்றிப் பாருங்கள்.

முழுப் பச்சைத் திரையும் சிதறும் கட்டங்களும் அநேகமாக டிஎக்ஸ்விஏ தொடர்பானவை. கார்டின் வரம்புக்கு மீறிய கோப்பை டிகோடர் அதனிடம் கொடுத்துவிட்டது. டிகோடரில் வன்பொருள் உதவியை அணைத்து ஓட்டுங்கள். படம் சரியானால் ஐயம் உறுதி. அணைத்தபின்னும் கட்டங்கள் அதே இடத்தில், அதே நொடியில் வந்தால் கோப்பு சேதமடைந்திருக்கிறது. படம் தலைகீழாகத் தெரிந்தால், ஆர்ஜிபி வடிவத்தில் வரிகளைக் கீழிருந்து மேலாக அடுக்கும் வழக்கத்தில் இரு ஃபில்டர்கள் முரண்படுகின்றன. டிகோடரின் வெளியீட்டில் ஆர்ஜிபியை நீக்கி ஒய்யுவி வடிவங்களை மட்டும் விட்டுவையுங்கள். அசையும் பொருள்களின் விளிம்பு சீப்புப் பற்களைப் போலத் தெரிந்தால் அது இடைப்பின்னல் படம். டிஇன்டர்லேஸ் வசதியை இயக்கினால் போதும்.

அறிகுறி: ஒலியும் படமும் ஒன்றாகப் போகவில்லை

தொடக்கத்திலிருந்தே ஒரே அளவு விலகியிருந்தால் பிளேயரில் ஒலியை முன்னோ பின்னோ நகர்த்தும் வசதியே போதும். நேரம் போகப்போக விலகல் கூடினால் காரணம் வேறு. ஏவிஐ உறைக்குள் மாறும் பிட் வீத எம்பி3 ஒலி இருந்தால் பழைய ஸ்பிளிட்டர்கள் நேரத்தைத் தவறாகக் கணக்கிடும். வேறு ஸ்பிளிட்டரை மாற்றிப் பார்க்க வேண்டும். எல்லாக் கோப்புகளிலும் இதே விலகல் இருந்தால் ஒலி டிரைவரைப் பாருங்கள். டைரக்ட்ஷோ வழக்கமாக ஒலி ரெண்டரரையே கடிகாரமாகக் கொள்கிறது. அந்தக் கடிகாரம் தடுமாறினால் படமும் சேர்ந்து தடுமாறும்.

துணையுரை மட்டும் மெல்ல மெல்ல விலகி, ஒரு மணி நேரத்தில் இரண்டரை நிமிடம் அளவுக்கு வந்தால், நொடிக்கு 23.976 சட்டங்களுக்குச் செய்யப்பட்ட துணையுரை 25 சட்டப் பதிப்போடு சேர்ந்திருக்கிறது, அல்லது அது தலைகீழாக நடந்திருக்கிறது. நேரக்குறிகளை அந்த விகிதத்தில் மாற்ற வேண்டும். எந்த ஃபில்டரும் இதைச் சரிசெய்யாது. தமிழ்த் துணையுரை கட்டங்களாகத் தெரிந்தால் கோப்பை யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் சேமித்து, தமிழ் எழுத்துருவைத் தேர்ந்தெடுங்கள். எக்ஸ்பியில் கொம்பும் காலும் இடம் மாறித் தெரிந்தால், கண்ட்ரோல் பேனலின் மொழி அமைப்பில் சிக்கலான எழுத்துமுறைகளுக்கான கோப்புகளை நிறுவ வேண்டும். லதா எழுத்துரு அதனுடன் வரும்.

அறிகுறி: வீடியோ உள்ள கோப்புறையைத் திறந்தாலே எக்ஸ்புளோரர் மூடிக்கொள்கிறது

பிளேயரைத் திறக்காமலேயே இது நடப்பதால் வைரஸ் என்று பலர் அஞ்சுவார்கள். சிறுபடமும் கோப்பின் நீளமும் காட்டுவதற்காக எக்ஸ்புளோரர் அதே ஃபில்டர்களைத்தான் அழைக்கிறது. அவற்றில் ஒன்று பழுதானால் எக்ஸ்புளோரரும் சேர்ந்து விழுகிறது. எக்ஸ்பியில் ஏவிஐ கோப்பை அழிக்க முடியாமல், பயன்பாட்டில் இருக்கிறது என்ற செய்தி வருவதும் இதனால்தான். கோப்புறைப் பார்வையைப் பட்டியலாக மாற்றி உள்ளே போய், அரைகுறையாக இறங்கிய கோப்புகளை வேறிடத்துக்கு நகர்த்துங்கள். அதற்குப் பின்னும் விழுந்தால் மேலே சொன்ன கிராஃப்எடிட் முறையில் பழுதான ஃபில்டரைத் தேடுங்கள். அதுவரை ஒரு தற்காலிக வழியாக, எக்ஸ்பியின் எஸ்எச்மீடியா என்னும் டிஎல்எல் கோப்பின் பதிவை நீக்கி வைக்கலாம். முன்பு சொன்ன பதிவுக் கட்டளையிலேயே 32-க்குப் பிறகு சாய்கோடும் யு எழுத்தும் சேர்த்தால் பதிவு நீங்கும். சாய்கோட்டையும் யு எழுத்தையும் எடுத்துவிட்டு மீண்டும் கட்டளை கொடுத்தால் பழைய நிலை திரும்பும்.

எப்போது நிறுத்த வேண்டும்

கோப்பே முழுமையாக இல்லாவிட்டால் ஃபில்டர்களில் உழைத்துப் பயனில்லை. எம்பி4 கோப்பின் உள்ளடக்க அட்டவணை பல நேரங்களில் கோப்பின் கடைசியில் இருக்கும். இறக்கம் பாதியில் நின்றால் அட்டவணை வராமல் கோப்பு திறக்கவே திறக்காது. ஏவிஐ அட்டவணையும் கடைசியில்தான் இருக்கும். ஆனால் அது இல்லாமலும் படம் ஓடும், முன்னும் பின்னும் தாவ மட்டும் முடியாது.

செயலி தாங்காத கோப்பை உறை மட்டும் மாற்றி எம்கேவியிலிருந்து எம்பி4 ஆக்குவதால் சுமை ஒரு துளியும் குறையாது. உள்ளே இருக்கும் படம் அதேதான். வேறொரு புதிய கணினியில் 480 வரி எச்.264 ஆகவோ எக்ஸ்விட் ஆகவோ மறுபடி சுருக்கிக் கொண்டுவருவதுதான் வழி. 2013-இல் வந்த எச்இவிசி, 2018-இல் வந்த ஏவி1 ஆகிய சுருக்கமுறைகள் இந்தக் கணினிகள் பிறந்தபோது இல்லாதவை. அவற்றுக்கு டிகோடரை நிறுவ முடிந்தாலும் உயர் அளவுப் படம் ஓடாது. அங்கே மறுசுருக்கம் ஒன்றே வழி.

ஒரு வீடியோவைத் திறந்ததும், இதைப் பார்க்க இன்ன தளத்திலிருந்து சிறப்புக் கோடெக்கை இறக்குங்கள் என்று அந்த வீடியோவே கேட்டால் உடனே மூடிவிடுங்கள். 2005-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஸ்லாப் என்னும் ட்ரோஜன் வகைத் தீய மென்பொருள் வீடியோ கோடெக் வேடத்தில்தான் கணினிகளுக்குள் நுழைந்தது. பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோன எக்ஸ்பியில் இன்றும் அதே வேடம் எடுபடும். மீடியாஇன்ஃபோ சொல்லும் சுருக்கமுறைக்கு உரிய டிகோடர் மேலே சொன்னவற்றில் இருக்கும். அவற்றில் இல்லாத ஒன்றைக் கேட்கும் கோப்பை ஓட்டாமல் அழித்துவிடுங்கள்.